ஒரு கட்டிக்கு இத்தனை டாக்டர்களா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுபவர். திடீரென்று வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடப்பக்க மூளையில் கட்டி என்கிறார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டர், கதிர்வீச்சு டாக்டரையும் பார்க்கச் சொல்கிறார்; அவரோ பயாப்ஸி முடிவு வரட்டும் என்கிறார். எங்களை அலைக்கழிக்கிறார்களா? திருவனந்தபுரம் போய்விடலாமா?

பதில்: இது அலைக்கழிப்பு இல்லை. மூளைக் கட்டிக்கு ஒரே ஒரு டாக்டர் முடிவெடுத்தால்தான் நான் கவலைப்படுவேன்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடப்பக்க மூளையில்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவின் தொழிலே பேச்சு. கட்டியை எந்த இடம் வரை எடுக்கலாம் என்பதை ரேடியாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து ஸ்கேனைப் பார்த்துத்தான் சர்ஜன் தீர்மானிப்பார். சிலருக்கு விழித்திருக்கும் நிலையிலேயே, பேச வைத்துக்கொண்டே ஆபரேஷன் செய்வதும் உண்டு. அங்கே மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் எதுவும் நடக்காது. இந்தப் பேச்சுவார்த்தையில் அப்பாவும் இருக்கட்டும். எதை இழக்க அவர் தயாரில்லை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பயாப்ஸிக்காகக் காத்திருப்பதும் சரியே. 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், மைக்ராஸ்கோப்பில் தெரிவதோடு கட்டியின் மரபணு மாற்றங்களையும் சேர்த்தே பல கட்டிகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்றால் பலருக்கு ஆபரேஷனோடு முடிந்துவிடும். வேகமாக வளரும் புற்றுநோயான கிளியோபிளாஸ்டோமா என்றால் வழக்கமாக ஆறு வாரக் கதிர்வீச்சு, கூடவே தினமும் டெமோசோலமைட் மாத்திரை. 2005-இல் வெளிவந்த ஆய்வுக்குப் பின் உலகெங்கும் இதுதான் முறை.

அந்த ஆறு வாரத்தை நினைத்து ஊரை முடிவு செய்யுங்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் மண்டலப் புற்றுநோய் மையமும் ஒரே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கின்றன. ஒன்றில் ஆபரேஷன், மற்றதில் கதிர்வீச்சு என்பது அங்கே பழகிய வழி. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் மூளை அறுவைப் பிரிவு உண்டு. ஒரு ஊரில் ஆபரேஷன், இன்னொரு ஊரில் கதிர்வீச்சு என்றாலும் தவறில்லை. ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் சி.டி., பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்த கட்டித் துண்டு) மூன்றும் அப்பாவோடு போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், கேரளத்தில் செல்லுமா என்று புறப்படும் முன் கேளுங்கள்.

டியூமர் போர்டு என்பது இந்த டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் கூட்டம். எங்கே போனாலும், “டியூமர் போர்டில் இவரைப் பற்றிப் பேசினீர்களா, என்ன முடிவானது?” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

அதுவரை வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விட வேண்டாம். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது. மார்க்கெட்டுக்குப் பைக்கை அப்பா ஓட்டாமல் நீங்களே கூட்டிப் போங்கள்.