மூச்சும் மனமும்



பெற்றோரின் பணிமாற்றத்தால் திருப்பதிக்கோ சித்தூருக்கோ வந்து சேர்ந்த முதல் மாதம் உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். உடன் பயில்வோர் தெலுங்கில் பேசிச் சிரிப்பர். பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடைபெறும். சொல்ல நினைத்த சொல் தமிழில் எழுந்து நாவிலேயே நின்றுவிடும். மாலையில் வீடு திரும்பியதும் காரணமின்றித் தம்பி மீது சினம் வரும். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் மனத்தில் பதியாது. பெரியவர்களுக்கும் இச்சோர்வு வருவதுண்டு. பணிநிமித்தம் ஊரைவிட்டு வந்த ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். இப்பாடத்தை எழுதும் நானும் அவர்களுள் ஒருத்தி.

இதனை ஒரே நாளில் நீக்கும் மருந்து ஏதுமில்லை. ஆயினும் நாள்தோறும் சிறிது நேரம் செய்யும் யோகப் பயிற்சி மனநிலையை மெல்ல மாற்றுகிறது. அஃது எவ்வாறு என்று காண்போம்.

மதனப்பள்ளிச் சிறுவன்

நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் மதனப்பள்ளி. சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ஆம் ஆண்டு அங்குப் பிறந்தார். அவரது இளமை இனிதாக அமையவில்லை. மலேரியாக் காய்ச்சல் அடிக்கடி வாட்டியது. பத்து வயதில் தாயை இழந்தார். பள்ளியில் மந்தமானவர் எனக் கருதப்பட்டு அடியும் பெற்றார். 1909இல் தந்தையுடன் சென்னை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தார். நீங்கள் தமிழகத்திலிருந்து இங்கு வந்தீர்கள். தெலுங்கு பேசும் அச்சிறுவரோ இங்கிருந்து தமிழகத்திற்குச் சென்றார்.

பிற்காலத்தில் அவர் பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகம் பயின்றார். ஐயங்காரும் இளமையில் நோயாளியாக இருந்தவரே. காசநோயும் டைபாய்டும் மலேரியாவும் அவரை நலிவித்தன. மைசூரில் இருந்த தம் தமக்கையின் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்று, உடல்நலம் தேறி, உலகறிந்த ஆசிரியரானார். அக்கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சாரிடமும் கிருஷ்ணமூர்த்தி பாடம் கேட்டார். அப்பொழுது மாணவருக்கு வயது எழுபது. ஆசிரியருக்கு முப்பதுகூட நிறையவில்லை! தொண்ணூறு வயது வரை வாழ்ந்த கிருஷ்ணமூர்த்தி முதுமையிலும் ஆசனங்களையும் நடைப்பயிற்சியையும் போற்றிவந்தார்.

எனினும் ஆசனம் செய்தால் மட்டும் மனம் தெளிந்துவிடும் என்று அவர் கருதவில்லை. பயிற்சி உடலுக்கு நலம் தரும். மனத்தில் எழும் சினத்தையும் அச்சத்தையும் நாமே கூர்ந்து நோக்கவேண்டும் என்பது அவர் கருத்து. மதனப்பள்ளிக்கு அருகே அவருடைய முயற்சியால் உருவான ரிஷிவேலி பள்ளியில் மாணவர்கள் மாலையில் கூடி அமர்ந்து, பேசாமல், கதிரவன் மறைவதைக் காணும் வழக்கம் உண்டு. அதற்கு ‘அஸ்தாசல்’ என்று பெயர். உடலை அசைக்காமல் அமர்ந்திருப்பதும் ஒரு பயிற்சியே. எளிது என்று எண்ணாதீர்கள். ஐந்து நிமிடம் முயன்று பார்த்தால் தெரியும்.

மூச்சு செய்யும் வேலை

இப்பொழுதே ஒரு சோதனை செய்யலாம். இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடித்துடிப்பை உணருங்கள். மூச்சை இயல்பாக உள்ளிழுத்து, மிக மெதுவாக வெளிவிடுங்கள். உள்ளிழுக்கும்போது துடிப்புச் சற்று விரைவதையும், வெளிவிடும்போது தளர்வதையும் கூர்ந்து கவனித்தால் உணரலாம். மூளையிலிருந்து இதயத்திற்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் என்னும் நரம்பு, மூச்சை வெளிவிடும்பொழுது இதயத்தை அமைதிப்படுத்துகிறது. சினம் வந்தால் மூச்சு குறுகி விரைகிறது அன்றோ? அதனைத் தலைகீழாக்குவதே இப்பயிற்சியின் நுட்பம். ‘சினம் கொள்ளாதே’ என்று மனத்திற்கு ஆணையிட்டால் அது கேட்பதில்லை. மூச்சை நீட்டினால் உடல் தணிகிறது. உடல் தணிந்தபின் மனமும் தணிகிறது.

2010ஆம் ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 34 பேரில் ஒரு பிரிவினர் யோகமும் மற்றொரு பிரிவினர் நடைப்பயிற்சியும் மேற்கொண்டனர். இரு பிரிவினரும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 12 வாரங்கள் பயின்றனர். யோகம் செய்தவர்களின் மனநிலை கூடுதலாக மேம்பட்டது, பதற்றமும் குறைந்தது. 34 பேர் சிறு எண்ணிக்கைதான். ஆயினும் அவர்கள் 12 வாரம் விடாமல் செய்தனர் என்பதைக் கருதுக.

நம் முன்னோர்க்கும் மூச்சின் ஆற்றல் புதிதன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளையுடைய யோகத்தைத் தமிழில் விரித்துரைத்தார். மூச்சை உள்ளிழுத்தலைப் பூரகம் என்றும், நிறுத்தலைக் கும்பகம் என்றும், வெளிவிடுதலை இரேசகம் என்றும் கூறுவர். கும்பகத்தை ஆசிரியர் துணையின்றி நீங்களாகச் செய்தல் கூடாது.

மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம்

திருப்பதிக்கு வந்த புதிதில் எனக்கும் உறக்கம் சரியாக வரவில்லை. வீட்டின் மொட்டைமாடியில் நின்றால் வடக்கே திருமலைத் தொடர் தெரியும். என் ஊரையும் என்னையும் பிரிக்கும் சுவர்போல அஃது எனக்குத் தோன்றியது. உண்மையில் என் ஊர் தெற்கே இருந்தது! சோர்ந்த மனம் திசையையும் தவறாகக் காட்டும் போலும்.

அம்மாடியிலேயே காலையில் பதினைந்து நிமிடப் பயிற்சியைத் தொடங்கினேன். முதலில் தாடாசனம், பின்பு ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம், புஜங்காசனம், நீண்ட மூச்சு, முடிவில் சவாசனம். முதல் வாரம் தொடை வலித்ததே பயன். இரண்டாம் வாரம் சலிப்பு. உறக்கம்தான் முதலில் திரும்பியது, மகிழ்ச்சி அன்று. பின்னர் ஒருநாள் வகுப்பில் சினம் எழுந்தபோது, சொல் வெளிவருமுன் ஒரு மூச்சளவு இடைவெளி கிடைத்தது. அச்சொல்லை நான் சொல்லவில்லை. மாதங்கள் கழிந்தபின் அதே மலையைப் பார்த்தேன். பண்டைத் தமிழகத்தின் வடவெல்லையாக நான் எத்தனையோ வகுப்புகளில் கற்பித்த வேங்கடம் அதுவே என்பது அன்றுதான் உள்ளத்தில் உறைத்தது.

நீங்களும் வெறும் வயிற்றில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் செய்யுங்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிறன்று மட்டும் ஒரு மணி நேரம் செய்வதைவிட அது நன்று. வாரக்கணக்கில் துயரம் நீங்காவிடினும், உணவும் உறக்கமும் கெட்டாலும், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காமல் கூறுங்கள். யோகம் மருத்துவருக்கு மாற்று அன்று.

சொற்பொருள்

நலிவித்தல் – மெலியச் செய்தல்
விலக்கு – விதிக்கு உட்படாதது
நாடித்துடிப்பு – இரத்தக் குழாயில் உணரப்படும் துடிப்பு
உறைத்தல் – நன்கு மனத்தில் படுதல்

பயிற்சி

1. கிருஷ்ணமூர்த்தியின் இளமைக்கும் உங்கள் அனுபவத்திற்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை யாவை?
2. மூச்சை வெளிவிடும்பொழுது நாடித்துடிப்பு ஏன் தளர்கிறது?
3. ஆசிரியர் மலையைச் சுவராகக் கண்டதும் வேங்கடமாகக் கண்டதும் ஏன்?
4. ஏழு நாள் காலையில் பத்து நிமிடம் பயிற்சி செய்து, ஒவ்வொரு நாளும் உங்கள் மனநிலையை ஒரு தொடரில் எழுதுக. மாற்றம் ஏதும் தோன்றாத நாளில் அதனையும் அவ்வாறே எழுதுக.