நத்தாருக்கு முன் நம் குசினி

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று குருவானவர் ஊதா உடை அணிந்து பீடத்துக்கு வருகிறார். விழித்திருங்கள் என்று நற்செய்தி நம்மை அழைக்கிறது. அந்த விழிப்பு குசினிக்கும் வேண்டும் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். மாத்தளை மாவட்டத்து லக்கல போன்ற மலையூர்களை அறிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

லக்கல, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் உள்ளது. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை அந்தச் சரிவில்தான் வந்து மோதுகிறது. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வழியாக ஏறும் பாதை மூடுபனியில் மறைந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்போக நெல் ஒக்டோபர், நவம்பரில் விதைக்கப்பட்டு, பெப்ரவரி, மார்ச்சில்தான் அறுவடையாகும். சித்திரைப் புத்தாண்டு நெல் நிறைந்த வீட்டுக்கு வருகிறது. நத்தாரோ வயல் பச்சையாய் நிற்கையில், அரிசிப் பானை வற்றிய வேளையில் வருகிறது. ஆகவே நம் பண்டிகைச் சமையல் நவம்பரிலேயே தொடங்கவேண்டிய வேலை.

முதலில் விறகு. மழையில் நனைந்த விறகு புகையைத்தான் தரும். அந்தப் புகை தாயின் கண்ணுக்கும் கைக்குழந்தையின் நெஞ்சுக்கும் கேடு. பலகாரம் சுட ஒரே சீரான நெருப்பு வேண்டும். ஒரு கட்டு விறகைப் பிளந்து அடுப்புக்கு மேலே பரணில் இப்போதே அடுக்குங்கள். இது வீட்டுத் தலைவரின் வேலை என்று சொல்லிவைக்கிறேன்!

அடுத்தது மா. அரிசியை ஊறவைத்து இடித்து, ஈரம் போக வறுத்து, முற்றாக ஆறவிட்டபின் டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்வை கட்டி, மா கட்டிபடும், பூஞ்சணமும் பிடிக்கும். மிளகாய், நிலக்கடலை, கொப்பரை ஆகியவற்றில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. இவற்றில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும். பொரித்தாலும் வறுத்தாலும் முற்றாக அழியாது. மேலே துடைத்துவிட்டுச் சமைக்கலாம் என்று எண்ணவேண்டாம். காசு போனாலும் எறிந்துவிடுங்கள்.

கேக் இல்லாமல் நத்தாரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரவை, கஜு, முந்திரிகை வற்றல், பூசணித் தோசி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கப்போனால் கடைக்காரரின் கடன் கொப்பியில் இரண்டு பக்கம் நிறையும். வாரம் ஒரு பொருளாக வாங்குங்கள். ஏலமும் கராம்பும் சாதிக்காயும் மாத்தளை மண்ணிலேயே விளைபவை. பழங்களைப் பழச்சாற்றில் ஊறவைப்பதானால் முதல்நாள் மாலை போதும். நாட்கணக்கில் வைத்தால் புளித்துவிடும். அப்படியும் காசு போதாவிட்டால் கேக்கை விட்டுவிடுங்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் இருந்தால் கொக்கிஸ் ஆயிற்று. கடன்பட்டுச் சுட்ட கேக் மூன்று நாளில் தீர்ந்துவிடும், கடனோ பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கவேண்டிய ஜனவரியில் வாசலில் வந்து நிற்கும்.

முற்காலத்தில் நத்தாருக்கு முந்திய நாள் நோன்பு நாளாகவும் இருந்தது. 1966-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் நோன்பு விதிகளைத் திருத்தியபோது அந்தக் கடமை நீங்கியது. கடமை நீங்கினாலும் அந்நாளில் ஒருவேளைச் சாப்பாட்டை எளிமையாக்க நம்மை யாரும் தடுக்கவில்லை. கஞ்சியும் சம்பலும் வைத்தால் தாய்க்கும் சிறிது ஓய்வு. நள்ளிரவுத் திருப்பலியில் தூங்கிவிழவும் மாட்டாள்.

லக்கலவில் நம் அயலவரில் பெரும்பாலோர் சிங்கள பௌத்தர்கள். சித்திரையில் அவர்கள் வீட்டுப் பலகாரத் தட்டு நம் வீட்டுக்கு வருகிறது. நத்தாரில் நம் தட்டு அங்கே போகவேண்டும். அவ்வாறே, அந்த ஆண்டில் சாவு நேர்ந்த வீட்டிலும், வேலையிழந்த வீட்டிலும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்காது. பலகாரம் சுடும் அன்றே, சூடு ஆறியதும், இந்த வீடுகளை விரல்விட்டு எண்ணி அவற்றுக்குரிய பங்கைத் தனி டின்னில் போட்டு மூடுங்கள். மிஞ்சியது பிள்ளைகளுக்கு.