இருளிலே செவியால் காண்கிற பிராணி



வட்டக்கானல் வழியாய் டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கிப்போனால், அதற்கும் கீழே எக்கோ பாயிண்ட் இருக்கிறது. நம்மில் அநேகர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருப்பீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்ப்பாறை அதே பேரைத் திருப்பிச் சொல்லும். பிள்ளைகள் அத்தோடு சிரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எதிரொலியை வைத்து ஒரு கணக்குப் போடலாம். சத்தம் ஒரு செகண்டில் ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். நீங்கள் கூப்பிட்ட குரல் 2 செகண்ட் கழித்துத் திரும்பினால், போக ஒரு செகண்ட், வர ஒரு செகண்ட். அப்படியானால் எதிர்ப்பாறை 340 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே அளந்துவிட்டீர்கள்!

இந்தக் கணக்கைத்தான் வௌவால் ராத்திரி முழுதும் போட்டுக்கொண்டே பறக்கிறது. 1.7 மீட்டருக்கு அப்பால் ஒரு அந்துப்பூச்சி இருந்தால், எதிரொலி ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்துவிடும். அந்தச் சிறு இடைவெளியை அதன் மூளை அறிந்து, பூச்சி இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்கிறது.

அப்படியானால் அந்தச் சத்தம் நமக்கு ஏன் கேட்கவில்லை? நம்முடைய காது ஒரு செகண்டுக்கு 20,000 அதிர்வுகள் வரைக்கும்தான் கேட்கும். பூச்சி தின்கிற வௌவால்கள் பெரும்பாலும் அதற்கு மேலே, சில இனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே, கத்துகின்றன. அவ்வளவு மெல்லிய குரல் எதற்கு? நாம் பேசுகிற குரலின் அலை ஒரு முழ நீளம், இரண்டு முழ நீளம் என்று இருக்கும். அப்படிப்பட்ட அலை ஒரு கொசுவின்மேல் பட்டால் கண்டுகொள்ளாமல் கடந்துபோய்விடும். ஒரு லட்சம் அதிர்வுள்ள சத்தத்தின் அலையோ மூன்றரை மில்லிமீட்டர்தான். அது கொசுவின்மேல் பட்டாலும் திரும்பிவரும். ஆனாலும் இதில் ஒரு குறை உண்டு. மெல்லிய சத்தம் காற்றிலே சீக்கிரம் அடங்கிப்போகும். ஆகவே ஒரு சிறு பூச்சியை வௌவால் சில மீட்டர் தூரத்திலே வந்தபிறகுதான் அறியும். அதனால்தான் விடாமல் கத்துகிறது. சும்மா பறக்கும்போது செகண்டுக்கு ஏறக்குறைய பத்து முறை. பூச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடி, பிடிக்கிற அந்தக் கடைசி நொடியில் 150 முறைக்கும் மேல். தெருவிளக்கைச் சுற்றி வௌவால் திடீரென்று வெட்டித் திரும்புகிறதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்த நேரம்தான் அது.

இன்னொன்று. இத்தனை பலமாகக் கத்தினால் அதன் காதே செவிடாகிவிடாதா? கத்துகிற அந்தக் கணத்தில் காதுக்குள் இருக்கிற ஒரு சின்னத் தசை இறுகிக் கேள்வியைக் குறைக்கிறது. எதிரொலி வருமுன் மறுபடியும் தளர்ந்துவிடுகிறது. செகண்டுக்குப் பல தடவை!

மேற்குத் தொடர்ச்சி மலையிலே குதிரைலாட வௌவால் என்று ஒரு வகை உண்டு. அதன் மூக்கின்மேல் லாடம்போலத் தோல்மடிப்பு இருக்கும். அது வாயால் அல்ல, மூக்கால் கத்தும். கொடைரோடு ஸ்டேஷனில் நிற்காமல் போகிற ரயிலின் ஹாரனைக் கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது கூர்மையாயும், கடந்துபோனபின் தாழ்ந்தும் கேட்கும். வௌவால் முன்னோக்கிப் பறக்கும்போதும் எதிரொலி அப்படியே கூர்மையாகி வரும். ஆனால் இந்தக் குதிரைலாட வௌவாலின் காது ஒரு குறிப்பிட்ட சுதிக்குத்தான் மிக நுட்பமாய் அமைந்திருக்கிறது. ஆகையால் அது தன் குரலை அளவாய்த் தாழ்த்திக்கொள்கிறது, திரும்பிவருகிற சத்தம் சரியாய் அந்தச் சுதியில் விழும்படிக்கு. 1968-ல் ஷ்னிட்ஸ்லர் என்ற ஜெர்மானியர் இதை எழுதி வெளியிட்டார். பாடல் குழுவில் சுதி சேராமல் கஷ்டப்படுகிற நமக்கு இது ஆச்சரியமாய்த்தான் இருக்கும்.

இதையெல்லாம் மனுஷர் அறிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. இத்தாலியிலே ஸ்பல்லான்சானி என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1793-ல், கண் தெரியாத வௌவாலும் தடையில்லாமல் பறக்கிறதைக் கண்டார். மறுவருஷம் ஜெனீவாவில் ஜூரின் என்பவர் காதை அடைத்துப்பார்த்தபோது அது முட்டிமோதி விழுந்தது. சத்தமே போடாத பிராணிக்குக் காது எதற்கு என்று படித்தவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1938-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் கிரிஃபின் என்ற மாணவர், நம் காதுக்கு எட்டாத சத்தத்தைக் கேட்கும் கருவியின் முன்னே வௌவால்களைக் கொண்டுபோனபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

தூரதேசத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். நமக்குக் கீழே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரன், மாரிமுத்து ஆகியோர் பல வருஷங்கள் வௌவால்களை ஆராய்ந்தார்கள். ஜெர்மனியிலிருந்து நாய்வைலர் என்ற பேராசிரியரும் அங்கே வந்து சேர்ந்து உழைத்தார். தவளை தின்கிற ஒரு பெரிய காது வௌவாலை மாரிமுத்துவும் நாய்வைலரும் சோதித்து 1987-ல் எழுதினார்கள். தவளை அசையாமல் உட்கார்ந்திருந்தால் வௌவால் அதைத் தொடவில்லை. குதித்து, தரையில் 'பொத்'தென்று விழுந்தால் போதும், வந்து பிடித்துக்கொண்டது. எதிரொலி மட்டுமல்ல, இரையே போடுகிற சத்தத்தையும் அது காதுகொடுத்துக் கேட்கிறது.

எல்லா வௌவாலும் இப்படியல்ல. ஆலமரத்திலே தலைகீழாய்த் தொங்குகிற பெரிய பழந்தின்னி வௌவால் எதிரொலியால் வழி காண்கிறதில்லை. அது கண்ணாலும் மூக்காலும் நடந்துகொள்கிறது. நம்முடைய மலைக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் மேகமலை இருக்கிறதே, அங்கே 1948-ல் ஹட்டன் என்ற தோட்டத்துரை ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய்க்கு அனுப்பினார். சாதாரண வகை என்று அது அங்கே கிடந்தது. 1972-ல் தாய்லாந்துக்காரரான கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத புது இனம் என்று கண்டு, பறவை அறிஞர் சாலிம் அலியின் பேரை வைத்தார். மற்றப் பழந்தின்னி வௌவால்களோ அதே 1972-ம் வருஷச் சட்டத்தில் எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணி என்றே எழுதப்பட்டிருந்தன. அந்தப் பட்டியல் 2022-ம் வருஷத் திருத்தத்தில்தான் நீங்கியது.

வேதத்திலே லேவியராகமம் 11:19-ல் வௌவால் புசிக்கத்தகாதவைகளோடு சொல்லப்பட்டிருக்கிறது. ஏசாயா 2:20-ல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'துரிஞ்சில்' என்கிறதே, அதுவும் சிறு வௌவால்தான். புசிக்கத்தகாதது என்பதினால் கொல்லத்தக்கது என்று அர்த்தமாகாது. ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்று சிலர் தேடி அலைகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. வேண்டாம்.

இப்போது ஏன் இந்தப் பாடம் என்று சொல்லிவிடுகிறேன். ஆலயத்தின் ஓட்டுக்கூரைக்குள்ளே தங்கியிருக்கிற சிறு வௌவால்களைப் புகை போட்டு விரட்டலாமா என்று வாலிபச் சகோதரர்கள் கேட்டார்கள். "பாஸ்டர் ஐயா, அது வீட்டுக்குள்ள வந்தாலே சாவு வருமாமே, நிபா வேற வருதாமே" என்று ஒரு தாயாரும் பயந்து கேட்டார்கள். சாவு வரும் என்பது வீண்பேச்சு. ஜன்னலைத் திறந்து விளக்கை அணைத்துவிட்டால் அது தானே வழி கண்டு போய்விடும். 2018-ல் கோழிக்கோட்டுப் பக்கம் பலரைக் கொண்டுபோன நிபா கிருமி, பெரிய பழந்தின்னி வௌவால்களோடு சம்பந்தப்பட்டது. ஆகவே கடிபட்ட பழத்தைத் தின்னாதிருங்கள். எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாதிருங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாய்க் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூரை விஷயத்தில் என் தீர்மானம் இது. புகை போடக்கூடாது. தாய் பறந்துபோகும், பறக்கத் தெரியாத குட்டி உள்ளேயே செத்துவிடும். அநேக இனங்கள் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். குட்டிகள் பறக்கப் பழகினபின், அவை வெளியேறுகிற ஓட்டையின்மேல், மேலே மட்டும் கட்டி, கீழே தளர்வாய்த் தொங்கும்படி வலை கட்டினால், வெளியே போகும், திரும்ப நுழையாது. எல்லாம் போனபிறகு ஓட்டையை அடைக்கலாம். அதுவரைக்கும் பின்வரிசைக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டுவோம். எச்சத்தைக் கூட்டுகிறவர்கள் முதலில் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கூட்டவேண்டும். அது நல்ல உரம், பூண்டு போட்டிருக்கிற சகோதரர்கள் சாக்கோடு வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.