கல் காயக் கூடாது

அன்புள்ள மருமகளுக்கு,

பால்காய்ப்பு முடிந்ததும் வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வீடு மாறுகிறோம், கடல்நீர் டேங்கை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தாய். வண்டிக்காரர் பாதித் தண்ணீரோடு அப்படியே தூக்கிவிடலாம் என்றாராம். அதற்குச் சம்மதிக்காதே. உன் மூன்றடி டேங்கில் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். பாதித் தண்ணீர் என்றாலே நூறு கிலோ. அது மலையோர ஏற்ற இறக்கத்திலும் வளைவிலும் அலைமோதினால் கண்ணாடி முறுகும், சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும். மணலைக்கூட அள்ளிவிட்டு, வெறும் கண்ணாடியாகத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

நீ மீனைப் பற்றியே நாலு கேள்வி கேட்டிருக்கிறாய். மீன் ஒரு மணி நேரப் பயணத்தைத் தாங்கிவிடும். நான் பயப்படுவது டேங்குக்குள் கிடக்கும் கல்லுக்காக. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்குகிறது. இவை தண்ணீரில் மிதப்பது குறைவு. கல்லின் துளைகளிலும் ஃபில்டரிலும் மணல் மேலும்தான் ஒட்டி வாழ்கின்றன. கல் காய்ந்தால் இவை சாகும். கல்லுக்குள் இருக்கும் புழுவும் கடற்பஞ்சும் செத்து அழுகும். புது வீட்டில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மீன் மிதக்கும். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். கொன்றது அம்மோனியாவாக இருக்கும்.

ஆகவே கல் ஒவ்வொன்றையும் பழைய டேங்க் தண்ணீர் நிறைந்த, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் முழுக்கி எடுத்துப் போ. கடற்பஞ்சு ஒட்டிய கல்லைக் காற்றில் தூக்கவே கூடாது. வாளியை டேங்குக்குள்ளேயே அமிழ்த்தி, தண்ணீருக்கடியிலேயே கல்லை அதற்குள் வை. ஃபில்டர் பஞ்சையும் அதே தண்ணீரில் போடு, குழாய்த் தண்ணீரில் அலசாதே. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அடி மணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரலாம், ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. மணலைப் பழைய உப்புத் தண்ணீரில் நன்றாக அலசு, அல்லது புது மணல் போடு. நாற்றத்தோடு திரும்பக் கொட்டாதே.

அண்டா, குடம் என்று அக்கா எடுத்து நீட்டுவாள். செம்பு, பித்தளை, வெண்கலம் எதையும் உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவராதே. கரையும் செம்பு கொஞ்சம் போதும், இறாலும் அனிமோனும் போய்விடும். இருபது லிட்டர் குடிநீர் கேன்களைச் சேர்த்து வை. பழைய தண்ணீரில் பாதியாவது கேனில் வரட்டும். மீதிக்கு ஆர்.ஓ. தண்ணீரில் மீன் தொட்டிக்கான உப்பை முந்தின நாளே கலந்து, பம்பு ஓடவிட்டு வை. 25 டிகிரி சூட்டில் அடர்த்தி 1.025-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூவாறு கடற்கரையில் அள்ளிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. நெய்யாறு கடலில் விழும் இடம் அது. மழைக்காலத்தில் அங்கே உப்பு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மீனுக்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடு. தண்ணீர் இறைக்கும் முன் ஹீட்டரை அணை, இல்லாவிட்டால் வெடிக்கும். கோமாளி மீன்களைத் தனித்தனிப் பையில் போட்டு, தெர்மோகோல் பெட்டிக்குள் வை. பை நெடுநேரம் மூடியிருந்தால் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பி.எச். இறங்கும், அந்த நிலையில் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. திறந்ததும் பி.எச். ஏறும், நஞ்சும் ஏறும். ஒரு புள்ளி ஏறினால் நஞ்சு ஏறக்குறையப் பத்து மடங்கு. வண்டி எங்காவது மாட்டி நேரமாகிவிட்டால், பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருக்காதே. மூடிய பையை மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், பைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மீனை மட்டும் விடு.

புது வீட்டில் பெயிண்ட் வாசனை போன பிறகே டேங்கை வை. கொசுவர்த்தி, கொசு மருந்து அந்த அறையில் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள பைரித்ராய்டு மீனுக்கு எமன். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி ஸ்டாண்டின் மட்டம் பார்.

ராமேஸ்வரத்து நண்பர் உயிருள்ள பவளத்துண்டு கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார் என்று கடைசியில் எழுதியிருந்தாய். வாங்காதே. பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே காவல். மும்பை கடற்கரைச் சாலைக்காக 2020-இல் வொர்லி, ஹாஜி அலி பகுதியிலிருந்து 18 பவளக் கூட்டங்களைக் கொலாபா பக்கம் மாற்றினார்கள். மாநகராட்சியே ஆனாலும் வனத்துறை அனுமதி வாங்கித்தான் தொட முடிந்தது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அங்கே பவளத் துண்டுகளைக் கான்கிரீட் பலகையில் கட்டிக் கடலடியில் வளர்த்துவருகிறது. விரல் நீளம் வளர அவர்கள் காத்திருக்கும் பவளத்தை நாம் காசு கொடுத்து ஒடிக்கக் கூடாது.

கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வழியை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கண்டிருக்கிறது. விழிஞ்ஞத்தில் அவர்களுடைய சாகரிகா காட்சியகம் உனக்குப் பக்கம்தான், ஒரு ஞாயிறு போய்ப் பார். மாறிய பின் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா சோதித்து எனக்கு எழுது. ஒரு மாதத்துக்குப் புது மீன் வேண்டாம். அதன் பிறகு வாங்கும்போதும், தொட்டியில் பொரித்ததா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கு.

அன்புடன்,
மாமா