எண்ணெய் நகரம் பாகூ: செல்வமும் குடிநீரும்



கைத்தொழிற் புரட்சி என்றதும் மான்செஸ்டரின் பருத்தி ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களுமே உங்கள் நினைவுக்கு வரும். அதன் அடுத்த கட்டத்தில் நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடிக்கத் தொடங்கியது. அக்காலத்தில் எண்ணெய்யினால் வளர்ந்த நகரங்களுள் பாகூ முதன்மையானது. இது இன்று அசர்பைஜான் நாட்டின் தலைநகர். இந்நகரைப் பற்றி எழுதும் மாணவர்களிற் பலர், “எண்ணெய் கிடைத்தது, நகரம் செல்வம் அடைந்தது” என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். அது அரைகுறை விடையாகும். செல்வம் யாரிடம் சேர்ந்தது? எண்ணெய் எடுத்த தொழிலாளி எந்த நீரைக் குடித்தான்? இவ்விரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும்.

அமைவிடமும் ஆரம்பமும்

காஸ்பியன் கடலின் மேற்குக் கரையிலுள்ள அப்செரோன் குடாநாட்டில் பாகூ அமைந்துள்ளது. காற்று ஓயாது வீசும் வரண்ட பிரதேசம் இது. இங்கு எண்ணெய் தானாகவே நிலத்தின் மேல் கசிந்தது. எரிவாயு வெடிப்புகளினூடாக வெளிவந்து எரிந்தது. நகருக்கு அண்மையிலுள்ள சுரகானி என்னும் இடத்தில் அத்தகைய தீயைச் சுற்றி ஒரு கோயில் உள்ளது. வணிகத்திற்காகச் சென்ற இந்தியர்கள் அங்கு வழிபட்டனர். அதன் சுவர்களில் சமஸ்கிருத, பஞ்சாபிக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம்.

ஆரம்பத்தில் கிணறு தோண்டுவது போலக் கையினாற் குழி தோண்டி, தோற்பைகளினால் எண்ணெய்யை அள்ளினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசு பாகூவைக் கைப்பற்றியது. 1846 இல் பீபி ஹேபத் என்னுமிடத்தில் துளையிட்டு எண்ணெய்க் கிணறு அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் துளையிட்டது 1859 இலாகும். முதற் கிணறு டிரேக்கினுடையது என்றே பல நூல்களில் காணப்படுவதால் இவ்விரு ஆண்டுகளையும் ஒப்பிட்டு நினைவிற் கொள்ளுங்கள்.

1872 உம் அதன் பின்னரும்

துளையிட்டு 26 ஆண்டுகள் சென்றும் பாகூ சிறு பட்டினமாகவே இருந்தது ஏன்? எண்ணெய் நிலங்களை அரசு ஒரு குத்தகைக்காரரிடம் குறுகிய காலத்திற்கு ஒப்படைத்து வந்தது. நாளை தன் கையை விட்டுப் போகும் நிலத்தில் எவரும் பெரு முதலீடு செய்யமாட்டார் அல்லவா? 1872 இல் இம்முறை கைவிடப்பட்டு நிலங்கள் துண்டுகளாக ஏலத்தில் விடப்பட்டன. பாகூவின் எழுச்சிக்குரிய திருப்புமுனை இதுவே. கனியவளம் இருந்தால் மட்டும் போதாது, அதனைப் பயன்படுத்தும் சட்ட ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

1873 இல் ரொபேர்ட் நோபல் பாகூவுக்கு வந்தார். அவரது சகோதரர் லுட்விக் ரஷ்ய இராணுவத்திற்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்தார். துப்பாக்கிக் கட்டைக்கு வேண்டிய வால்நட் மரம் வாங்கவே ரொபேர்ட் வந்தார். மரத்துக்குரிய பணத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை வாங்கிவிட்டார். நோபல் பரிசை நிறுவிய அல்பிரட் இவர்களது இளைய சகோதரராவார். அதுவரை மாட்டு வண்டிகளில் பீப்பாய்களிற் சென்ற எண்ணெய்யை இவர்கள் குழாய் வழியாகக் கொண்டு சென்றனர். 1878 இல் சுவீடனிற் கட்டப்பட்ட ‘சொரொவாஸ்டர்’ எண்ணெய்க் கப்பல் காஸ்பியன் கடலில் ஓடியது. 1883 இல் கருங்கடல் துறைமுகமான பத்தூமி வரை புகையிரதப் பாதை பூர்த்தியானது. 1892 இல் ‘மியூரெக்ஸ்’ கப்பல் பத்தூமியில் மண்ணெண்ணெய் ஏற்றிச் சுயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே சென்றது. அக்காலத்தில் எண்ணெய்யின் முக்கிய பயன் விளக்கெரிப்பதே. மோட்டார் வாகனம் பின்னரே பரவியது.

20ஆம் நூற்றாண்டு பிறந்த வேளையில் ரஷ்யா உலக எண்ணெய்யில் ஏறத்தாழ அரைப்பங்கை உற்பத்தி செய்தது. அதில் மிகப் பெரும் பகுதி பாகூவினுடையதாகும். 1860களில் ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நகரின் குடித்தொகை 1897 இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

நகர மக்களின் அன்றாட வாழ்வு

கடற்கரையோரம் கல்லினாலான மாளிகைகள் எழுந்தன. சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த பகுதியோ ‘கறுப்பு நகரம்’ எனப் பெயர் பெற்றது. சுவர், கூரை, மனிதர் உடை யாவற்றிலும் கரி படிந்திருந்தமையே காரணம். பலகானி போன்ற எண்ணெய் வயல்களில் மரக் கோபுரங்கள் நெருக்கமாக நின்றன. அவற்றின் அருகிலேயே தொழிலாளர் குடியிருந்தனர். ஒரு தீப்பொறி போதும், வயல் முழுவதும் எரியும். ரஷ்யர், ஆர்மீனியர், அசர்பைஜானியர், ஈரானிலிருந்து வந்த ஏழைக் குடியானவர் எனப் பலர் இங்கு உழைத்தனர். பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள்.

எண்ணெய் பீறிட்டால் உரிமையாளருக்கு யோகம் என்று நினைப்பீர்கள். 1883 இல் ‘துருஷ்பா’ என்ற கிணறு பலநூறு அடி உயரத்திற்குப் பீறிட்டது. அடைக்க முடியவில்லை. அயலவரின் கட்டடங்களும் கிணறுகளும் மணலிலும் எண்ணெய்யிலும் புதைந்தன; நட்டஈடு கொடுத்தே உரிமையாளர் முறிந்துபோனார்.

இனி நீர். நிலத்தடி நீர் உவர், கடல்நீரும் உவர். குடிநீரைத் தொலைவிலுள்ள குரா ஆற்றிலிருந்து கப்பலிற் கொண்டுவந்து விற்றனர். நோபல் நிறுவனம் தன் அலுவலர்களுக்காக அமைத்த பூங்காவுக்கோ, வொல்கா ஆற்றுக்கு எண்ணெய் கொண்டு சென்ற கப்பல்கள் திரும்பும்போது நன்னீர் நிரப்பி வந்தன. மரத்துக்குக் கிடைத்த நீர் தொழிலாளிக்கு விலைப் பொருளாயிற்று. பிரித்தானியப் பொறியியலாளர் வில்லியம் லின்ட்லி, வடக்கே மலையடிவாரத்திலுள்ள ஷொல்லார் ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவரத் திட்டமிட்டார். செல்வந்தர் தாகியேவ் இதற்கு ஆதரவு கொடுத்தார். சப்பாத்துத் தைப்பவரின் மகனாகப் பிறந்து கல்வேலை செய்து முன்னேறிய இவர், 1901 இல் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையையும் திறந்தவர். ஷொல்லார் நீர் நகரை அடைந்தது 1917 இலாகும். நில ஏலம் நடந்து 45 ஆண்டுகளின் பின்னர்! எண்ணெய்க்குக் குழாய் போட்ட வேகத்தையும் நீருக்குக் குழாய் போட்ட வேகத்தையும் ஒப்பிட்டு எழுதும் மாணவனுக்கே நான் கூடிய புள்ளி இடுவேன்.

போராட்டமும் கலவரமும்

1904 டிசெம்பரில் நடந்த பொது வேலைநிறுத்தத்தின் பயனாக, வேலை நேரத்தைக் குறைக்கும் கூட்டு ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தானது. ரஷ்யப் பேரரசின் முதலாவது கூட்டு ஒப்பந்தமாக இது கருதப்படுகிறது. ஆனால் 1905 இல் ஆர்மீனியருக்கும் அசர்பைஜானியருக்கும் இடையில் இனக்கலவரம் மூண்டது. எண்ணெய் வயல்கள் எரிந்தன, உற்பத்தி வீழ்ந்தது, ரஷ்யா உலகச் சந்தையில் அமெரிக்காவுக்குப் பின்தள்ளப்பட்டது. சில மாதங்களுக்கு முன் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தவர்களும் இதில் எதிரெதிரே நின்றனர். 1918 இலும் இரு தரப்பிலும் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர்.

பிற்காலம்

1920 இல் செஞ்சேனை நகருள் நுழைந்ததும் எண்ணெய்க் கைத்தொழில் தேசியமயமாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் டாங்கிகளுக்கும் விமானங்களுக்குமான எண்ணெய்யில் பெரும்பகுதி இங்கிருந்தே சென்றது. 1942 இல் ஹிட்லரின் படைகள் பாகூவை நோக்கி முன்னேறின, அதனை அடையவில்லை. 1949 இல் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், நடுக்கடலிற் தூண்களின் மேல் ‘எண்ணெய்ப் பாறைகள்’ என்னும் குடியிருப்பு உருவாகத் தொடங்கியது. அதற்கு அடித்தளமாக மூழ்கடிக்கப்பட்ட பழைய கப்பல்களுள் ‘சொரொவாஸ்டரும்’ ஒன்று எனக் கூறப்படுகிறது. 1991 இல் அசர்பைஜான் சுதந்திரம் பெற்றது. 1994 இல் வெளிநாட்டுக் கம்பனிகளுடன் எண்ணெய் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2006 இல் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வரையான 1,768 கிலோமீற்றர் குழாய்ப் பாதை திறக்கப்பட்டது.

பயிற்சி வினாக்கள்

1. 1872 இன் நில ஏலம் பாகூவின் வளர்ச்சிக்கு எவ்வாறு உதவியது?
2. எண்ணெய்ப் போக்குவரத்தில் 1878 – 1892 காலப்பகுதியில் ஏற்பட்ட மாற்றங்கள் மூன்றினை விளக்குக.
3. “பாகூ பிறர் வீட்டு விளக்குகளுக்கு எண்ணெய் கொடுத்தது; தன் மக்களுக்கு நீர் கொடுக்கப் பிந்தியது.” இக்கூற்றை ஆராய்க. (வெறும் ஆண்டுகளை அடுக்காது காரணம் கூறி எழுதவும்.)