களிமண்ணும் தண்ணீரும்

இறைவாக்கினர் எரேமியாவின் நூலில் குயவனின் மண் அடுத்தடுத்து இரு இடங்களில் வருகிறது. 18ஆம் அதிகாரத்தில், கையில் கெட்டுப்போன கலத்தைக் குயவன் மறுபடி பிசைந்து வேறொரு கலமாக வனைகிறான். 19ஆம் அதிகாரத்திலோ மட்கலயம் உடைக்கப்படுகிறது. அதை இனிச் சீராக்க முடியாது. மண் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேறுபாடு? விடை மண்ணிலுள்ள நீரில் இருக்கிறது.

களிமண்ணில் நீர் இரு விதமாக உள்ளது. முதலாவது, மண்ணின் நுண்ணிய தகடுகளில் ஒட்டியிருக்கும் நீர். இதிற் பெரும்பகுதி வெயிலிலேயே போய்விடும். எஞ்சியது 100 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டியதும் ஆவியாகும். இப்படிப் போன நீர் எளிதில் திரும்பி வரும். மன்னார் முருங்கன் வயல்களைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். கோடையில் அந்தக் கருமண் பாளம் பாளமாக வெடிக்கும். மாரியில் நீரை உறிஞ்சி வீங்க, வெடிப்புகள் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, மண்ணின் அமைப்பிலேயே கட்டுண்ட நீர். இது ஈரமாகத் தெரியாது. ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த ஐதரொட்சில் வடிவில் மறைந்திருக்கும். கொழும்புக்கு அண்மையில் பொரலஸ்கமுவையில் கிடைக்கும் வெண்களியின் முக்கிய கனியம் கயோலினைற்று. தூய கயோலினைற்றின் நிறையில் ஏறத்தாழ 14 சதவீதம் இந்நீரே. வெயில் இதை அசைக்காது. சூளையில் சுமார் 450 முதல் 600 பாகை வரை சூடேறும்போதுதான் இது வெளியேறும். அத்தோடு மண்ணின் பழைய அமைப்பே குலைந்துவிடும். மேலும் சூடேறத் துகள்கள் ஒன்றையொன்று பற்றி இறுகும். அதனாலேயே பச்சைப் பானை மழையில் கரைகிறது. சுட்ட பானை கரைவதில்லை.

அப்படியானால் சூளையில் போன நீர் போனதுதானா? முற்றாக இல்லை. சூளையை விட்டு வந்த நாள் முதல் செங்கல்லும் ஓடும் காற்றிலுள்ள ஈரத்தை மிக மெதுவாக ஏற்று, சிறிது நிறை கூடி, மயிரிழையளவு விரிகின்றன. 2009இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நிறையைக் கொண்டு பழைய செங்கற்களின் வயதைக் கணித்தனர். கன்ரபரி நகரின் மத்தியகாலச் செங்கல் ஒன்று 66 வயது மட்டுமே காட்டியது! 1942இல் குண்டுவீச்சில் அந்நகர் எரிந்தபோது, அது நூற்றாண்டுகளாகச் சேர்த்த நீரை நெருப்பு விரட்டியிருந்தது. கணக்கு புதிதாகத் தொடங்கியிருந்தது. ஆனால் எத்தனை காலம் நீரை ஏற்றாலும் செங்கல் மீண்டும் பிசையத்தக்க களியாவதில்லை.

இறைவனால் ஆகாதது ஒன்றுமில்லை. ஆயினும் அவர் நம்மைக் களியாகத் தம் கையில் இருக்கவே அழைக்கிறார். ஈரமுள்ள மண் எத்தனை முறை கெட்டாலும் திருத்தம் பெறும். வன்மத்திலும் பிடிவாதத்திலும் வெந்து இறுகிய மனம் அப்படியன்று. சகோதரரிடையே பேச்சு நின்றுபோன வீடுகள் நம்மிடையே எத்தனை! நெஞ்சில் ஈரம் காயுமுன் அவரவர் ஒரு வார்த்தை பேசுவோமாக.