வளர்ச்சி மாத்திரை

மர்பி டவுனில் உடற்பயிற்சிக்கூடம் செல்லும் நம் மாணவர் சிலர், ‘வளர்ச்சி ஹார்மோனை மாத்திரையாக விழுங்கலாமா?’ என வினவுகின்றனர். விழுங்கிப் பயனில்லை. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் அந்த ஹார்மோன் 191 அமினோ அமிலங்களாலான புரதம். வயிற்றில் பருப்பைப்போலச் செரித்துவிடும்.

அங்ஙனமாயின் விற்கப்படுவது யாது? அவற்றுள் பேர்பெற்றது எம்.கே.-677 எனும் ஐபுடமோரன். அது ஹார்மோன் அன்று. பசி தூண்டும் கிரெலினைப் போல நடித்துச் சுரப்பியை முடுக்குவது. எனவே பசியும் பெருகும்.

2008இல் வெளியான ஆய்வொன்றில் 60 வயது கடந்த 65 பேர் பங்குகொண்டனர். ஓராண்டில் மருந்துண்டோரின் கொழுப்பு நீங்கிய எடை சராசரி 1.1 கிலோ கூடிற்று, வலிமையோ கூடவில்லை! இரத்தச் சர்க்கரை ஏறிற்று. சிலருக்குக் கால் வீங்கிற்று. இடுப்பெலும்பு முறிந்த முதியோரிடம் நடந்த மற்றோர் ஆய்வு, சிலருக்கு இதயம் தளர்ந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அங்கே மருத்துவர் 25 மில்லிகிராம் என அளந்து கொடுத்தார். தபாலில் வரும் புட்டியை அளந்தவர் யார்? அமெரிக்க மருந்துத்துறை இதற்கு இசைவு தரவில்லை; உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடைசெய்துள்ளது. பந்தயங்களில் ஓடும் நண்பர்கள் இதனை நினைவிற்கொள்க. ஏற்கெனவே உட்கொள்வோர் மருத்துவரிடம் மருந்தின் பெயரை மறையாது கூறி, சர்க்கரையைச் சோதித்துக்கொள்க.